ஒரு பக்கம் பேசுவது பொய்யா?

மதுரைக்கு மேற்கே இருக்கிறது கீழக்குயில்குடி. தாமரைக் குளத்தையும் ஆலமரங்களையும் அய்யனார் கோயிலையும் கடந்து சமணர் மலையின் படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் வரும். பாறை முகப்பில் எட்டுத் திருமேனிகள் வரிசையாக இருக்கின்றன. மகாவீரரையும் பார்சுவநாதரையும் பாகுபலியையும் எளிதில் அடையாளம் காணலாம். 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இந்தச் சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் சின்னச் சின்ன வாசகங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி இது என்கிறது. செய்வித்தவர் யார், அவர் யாருக்கு உறவு, செய்தது என்ன என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. புகழ்மாலை எதுவும் கிடையாது.

பற்றையெல்லாம் விடச் சொன்ன சமயம், கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்ட இடம் தந்திருக்கிறது. நல்ல காரியத்தை ஊரறியச் சொல்வதில் அதற்குத் தடை இருக்கவில்லை. எப்படிச் சொல்வது என்பதில்தான் சிக்கல். பத்திரிகை அலுவலகங்களுக்குச் செய்தியைச் சுமந்துபோகும் மக்கள் தொடர்புக்காரர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் பக்கத்தை மட்டும் பேசுகிறவர் மெய் பேசுகிறவராக இருக்க முடியுமா?

பேச்சைக் கறாராக அளந்த சமயம் சமணம். துறவிகளுக்கு அது விதித்த ஐந்து கவனங்களில் ஒன்று பேச்சில் கவனம். இல்லறத்தாருக்கும் வாய்மை ஒரு விரதம். அந்த விரதத்துக்கு நேரும் பழுதுகளை உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தாக வகுக்கிறது. தவறான வழி காட்டுவது, ஒருவர் தனிமையில் சொன்னதை வெளியே விடுவது, பொய்ப் பத்திரம் எழுதுவது ஆகியவை அவற்றுள் மூன்று. நிருபர்களோடு புழங்குகிறவர்களுக்கு இவை புதிதல்ல. கூட்டத்தின் எண்ணிக்கையை ஊதிப் பெருக்கிய பிரஸ் நோட், ‘எழுத வேண்டாம்’ என்ற பேச்சை இன்னொரு பேப்பருக்குக் கடத்துவது, நான்கு நிருபர்களிடமும் ‘உங்களுக்கு மட்டும்தான் சார்’ என்று சொல்வது எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.

ஆனால் ஒரு பக்கத்தைப் பேசுவது அந்தக் கணக்கில் வராது. எந்தக் கூற்றும் ஒரு நிலையிலிருந்து சொல்லப்படுவதே. பொருளின் முழுமையை ஒரே வாக்கியம் சொல்லிவிடாது என்பது சமணரின் அநேகாந்தவாதம். ஒரு பக்கம் தன்னையே முழுமை என்று சொல்லிக்கொள்ளும்போதுதான் பிழை தொடங்குகிறது. ஆகவே ஓர் ஆலைக்காகவோ மருத்துவமனைக்காகவோ பேசுகிறவர், தாம் யாருக்காகப் பேசுகிறோம் என்று சொல்லிவிட்டால் விரதம் கெடாது. அதை மறைத்தால், சொன்ன ஒவ்வொரு தகவலும் சரியாக இருந்தாலும் கெடும்.

2009 தேர்தலில் காசு வாங்கிக்கொண்டு வெளியிடப்பட்ட செய்திகளைப் பற்றி இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2010-ல் அறிக்கை தந்தது. வேட்பாளரைப் புகழ்ந்தது அங்கே பெரிய குற்றமாக இல்லை. விளம்பரம் செய்தியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததுதான் குற்றம்.

இந்தத் தொழிலின் முன்னோடியான அமெரிக்கர் ஐவி லீ, 1906-லேயே பத்திரிகைகளுக்கு ஒரு கொள்கை அறிக்கை அனுப்பினார். எங்கள் வேலை வெளிப்படையானது, சொல்வதைச் சரிபார்க்க உதவுவோம் என்பது அதன் சாரம். 1914-ல் கொலராடோவின் லட்லோவில், சுரங்கத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கொல்லப்பட்டார்கள். அப்போது முதலாளிகள் சார்பில் அதே லீ பரப்பிய குறிப்புகள் தொழிற்சங்கத் தலைவர்கள் வாங்கிய தொகையை ஊதிக் காட்டின. எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அவருக்கு வைத்த ‘விஷ ஐவி’ என்ற பட்டப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

மதுரையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்தை ஊர்மக்கள் எதிர்த்தபோது எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் அதைப் பற்றி எழுதினார். அதைப் படித்தவர்கள் மலையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அப்படித்தான் 2010-ல், ஆர்வலர்களை மலைகளுக்கு அழைத்துச் செல்லும் ‘பசுமை நடை’ பிறந்தது. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் கல்வெட்டின் அருகே நின்றே விளக்கினார்கள். சமணர் மலையில் ‘பாறைத் திருவிழா’ நடந்தது. நாளிதழ்களும் அவற்றைச் செய்தியாக்கின. இவர்களும் ஒரு பக்கத்துக்காரர்கள்தான். மலை காக்கப்பட வேண்டும் என்ற பக்கம். அதை மறைக்கவில்லை. தங்கள் பேச்சை நம்பச் சொல்லாமல், நேரில் வந்து பாருங்கள் என்றார்கள்.

நிருபரை அணுகும் முறை இதிலேயே அடங்கியிருக்கிறது. அவர் எந்தத் துறையை எழுதுகிறவர் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். பக்கம் முடிக்கும் மாலை நேரத்தில் போன் அடிக்கக் கூடாது. முதல் பத்தியிலேயே என்ன, எங்கே, எப்போது, யார் என்பது வந்துவிட வேண்டும். சரிபார்க்க ஆவணமும், மாற்றுக் கருத்துள்ள ஒருவரின் பெயரும் தர வேண்டும். ஓட்டல் விருந்தை விட இடத்தைக் காட்டுவது மேல். ‘கவர்’ கொடுப்பது நிருபரின் நாக்கைக் கட்டுவது. செய்தி வரவில்லை என்றால் ஆசிரியருக்கு மேலிடத்திலிருந்து போன் போட வைப்பதும் அதே ரகம்.

ஒவ்வொரு பிரஸ் நோட்டின் கடைசியிலும் இரண்டு வரி சேர்ப்பதை இத்துறையினர் வழக்கமாக்க வேண்டும்: இதை யாருக்காக அனுப்புகிறோம், செய்தி வந்தால் அவர்களுக்கு என்ன ஆதாயம். அந்த வரிகள் இல்லாத குறிப்பை நியூஸ் டெஸ்க் தயங்காமல் திருப்பி அனுப்பலாம்.