பரோல்: யார் வாக்கு செல்லும்?

பரோல் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்குப் பொருள் பேச்சு, வாக்கு. போரில் பிடிபட்டவன் 'இனி ஆயுதம் எடுக்க மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்தால் அதை நம்பி வெளியே விடுவது பழைய ஐரோப்பிய வழக்கம். அதிலும் பெரும்பாலும் அதிகாரிகளுக்குத்தான் அந்த மரியாதை. சிப்பாயின் வாக்கை யாரும் கேட்கவில்லை. ஆக, இந்தச் சொல் பிறந்தபோதே ஒரு ஏற்பாடும் கூடவே பிறந்துவிட்டது. வாக்குக் கொடுப்பவன் யார் என்று பார்த்துவிட்டுத்தான் வாக்கின் மதிப்பு முடிவாகும்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று நம்ம பக்கம் சொல்வார்கள். அப்படியானால் அம்பலம் ஏறாத சொல்லை உடையவன் பரோல் கேட்டால் என்ன நடக்கும்? இது சட்டக் கேள்வி மாதிரித் தெரியும். அடியில் இருப்பது அறக் கேள்வி. ஒரு மனிதன் திரும்பி வரலாமா கூடாதா என்பதைச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது?

தமிழ்நாட்டுச் சட்டம் பரோல் என்று சொல்வதில்லை. 1982ஆம் வருடத்துத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளில் இருப்பது 'விடுப்பு'. அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என்று இரண்டு வகை. நெருங்கிய உறவில் சாவு, கடும் நோய், கல்யாணம் என்றால் அவசர விடுப்பு. சாதாரண விடுப்புக்கு மூன்று வருடம் உள்ளே கழித்திருக்க வேண்டும். அதற்கான காரணங்களையும் விதியே வரிசையாகச் சொல்கிறது: விடுதலைக்குப் பிறகான பிழைப்புக்கு ஏற்பாடு செய்ய, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க, வீடு கட்ட அல்லது பழுது பார்க்க, பாகப்பிரிவினைத் தகராறு தீர்க்க, விதைப்பு, அறுப்பு வேலை பார்க்க.

இந்தப் பட்டியலை ஒரு தரம் நிதானமாகப் படியுங்கள். விதி எழுதியவன் மனசில் இருந்த கைதி யார்? அவனுக்கு வீடு இருக்கிறது, காடு கழனி இருக்கிறது, பிரிக்கப் பாகம் இருக்கிறது. அடுத்தவன் வயலில் அறுக்கிற கூலிக்காரன் எதை எழுதுவான்? 'அறுப்பு' என்று எழுதினால் பட்டா எங்கே என்பார்கள். நத்தம் புறம்போக்கில் ஒழுகுற கூரையை வீடு என்று எழுதலாம். அதுக்கும் பட்டா கிடையாது. மனுவிலேயே அவன் பாதி ஆளாகிவிடுகிறான்.

மனு போன பிறகு நடப்பதுதான் முக்கியம். நன்னடத்தை அலுவலர் விசாரித்து அறிக்கை தர வேண்டும். காவல் நிலையத்தின் கருத்தும் கேட்கப்படும். இவன் வந்தால் ஊரில் அமைதி கெடுமா, இவன் உயிருக்கு ஆபத்து உண்டா, தப்பி ஓடுவானா? கேள்விகள் நியாயமானவைதான். யாரிடம் கேட்கப்படுகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சேரியைச் சேர்ந்த ஒரு ஆயுள் கைதி என்று வைத்துக்கொள்வோம். நிலத்தகராறில் ஊர்க்காரர் ஒருவர் செத்துப்போன வழக்கு. அப்பன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று மனுப் போட்டிருக்கிறான். ஸ்டேஷனிலிருந்து ஆள் வருகிறார். ஜீப் நிற்கிற இடம் ஊர்ச்சாவடி. "அவன் வந்தா பிரச்சனை வருமாங்க?" "வராம இருக்குமா சார்? எங்க பயலுவ சும்மா இருப்பானுங்களா?" அவ்வளவுதான். ஊர் அமைதிக்குப் பங்கம் வரும் என்று எழுதியாயிற்று. சேரியில் அவன் பெண்டாட்டி, "ஐயா, மாமன் கண்ணு மூடுறதுக்குள்ள அவர ஒருக்கா பாக்கணும்னு கேக்குறாருங்க" என்று சொன்னது தாளில் ஏறாது. மிரட்டியவர்கள் ஒரு பக்கம். அமைதிக்குப் பங்கம் என்று எழுதப்பட்டவன் இன்னொரு பக்கம். அமைதி என்று இங்கே பெயர் சூட்டப்படுவது ஆதிக்கசாதியின் கோபம் கிளம்பாமல் இருக்கிற நிலைமைதான்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், வரைவுச் சட்டம் கிராமத்தை ஒதுக்கிவிட்டுத் தனிமனிதனை அலகாக எடுத்துக்கொண்டது தனக்கு மகிழ்ச்சி என்றார். ஏன் சொன்னார் என்பது சேரியில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அரசியல் சட்டம் வாசல் வழியாக வெளியே அனுப்பிய கிராமம், பரோல் அறிக்கை என்ற சன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.

அறிக்கை சாதகமாக வந்தாலும் பிணை என்ற மதில் ஒன்று உண்டு. ஜாமீன் சம்பந்தமாக 1978இல் மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் பேசியது இங்கும் பொருந்தும். மத்தியப் பிரதேசத்தில் ஒரு ஏழைக் கொத்தனார். அவரிடம் 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார் மாஜிஸ்திரேட். அண்ணன் தம்பி பிணை நிற்க வந்தால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளினார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். தீர்ப்பு வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. சொத்துள்ளவன் கையெழுத்துத்தான் இன்றைக்கும் வாக்கு. சொத்தில்லாதவன் கைநாட்டு வெறும் மை.

இன்னொரு விதியும் உண்டு. வேறு வழக்கு விசாரணையில் நிலுவையில் இருந்தால் பொதுவாக விடுப்பு இல்லை. பழைய கேஸ் ஒன்றை முடிக்காமல் இழுத்தாலே போதும், கதவு சாத்திக்கொள்ளும். அந்தக் கேஸ்கள் யார் தலையில் குவிகின்றன? 2011 கணக்குப்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். தண்டனைக் கைதிகளிலோ ஐந்தில் ஒருவருக்கு மேல் அவர்கள் என்று அரசின் சிறைப் புள்ளிவிவரமே சொல்கிறது.

நன்னடத்தை என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். குஜராத்தில் பில்கிஸ் பானு வழக்கின் 11 குற்றவாளிகளை 2022 ஆகஸ்ட் 15 அன்று முன்கூட்டியே விடுதலை செய்தார்கள். மாலை போட்டு வரவேற்பு. அந்த விடுதலைக்குப் பரிந்துரைத்த குழுவில் இருந்த எம்.எல்.ஏ. ஒருவர், அவர்களில் சிலர் பிராமணர்கள், நல்ல பண்பாடு உள்ளவர்கள் என்று வெளிப்படையாகவே பேசினார். 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. ஆனால் அந்த எம்.எல்.ஏ. ஒரு உண்மையைப் போட்டு உடைத்துவிட்டார். நன்னடத்தை சிலருக்குப் பிறப்பிலேயே வருகிறது! பாலியல் வன்முறைக்காக 2017இல் 20 வருடத் தண்டனை பெற்ற தேரா சச்சா சௌதா தலைவர் குர்மீத் ராம் ரஹீம், 2022க்குப் பிறகு பலமுறை பரோலிலும் விடுப்பிலும் வெளியே வந்திருக்கிறார். ஹரியானா, பஞ்சாப் தேர்தல்களை ஒட்டியும் வந்திருக்கிறார். அங்கே ஊர் அமைதி கெடும் என்ற கவலை யாருக்கும் வரவில்லை.

இதுவரை சொன்னது நமக்குச் சுலபமான பகுதி. நம் பக்கம் நியாயம் இருக்கிறது, சொல்லிவிட்டோம். கஷ்டமான பகுதி இனிமேல்தான்.

1997 ஜூன் 30. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் பஸ்ஸிலிருந்து இறக்கி வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ரிசர்வ் தொகுதியில் நின்று ஜெயித்ததுதான் குற்றம். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி அவர்களில் மூன்று பேர் விடுதலை. 2019 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டுச் சலுகையில் 13 பேர் விடுதலை. அண்ணாவுக்கும் எம்.ஜி.ஆருக்கும் பிறந்த நாள் கொண்டாட முருகேசன் வீட்டுக்காரர்களிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா? இவர்கள் வந்தால் சேரியின் அமைதி கெடுமா என்று எந்த ஜீப்பாவது சேரிக்குள் வந்து கேட்டதா? எதிர்த்து வழக்குப் போட்ட பிறகுதான், மேலவளவுக்குள் நுழையக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலமாக உத்தரவிட்டது.

இப்போது தோழர்கள் கேட்பார்கள்: பரோல் கைதியின் உரிமை என்று நாம் சொன்னால் மேலவளவுக் கொலையாளிக்கும் அது உரிமையா? அவன் அப்பன் செத்தாலும் அவன் போய்க் கொள்ளி வைக்கலாமா?

வைக்கலாம் என்றுதான் நான் சொல்வேன். வாயில் கசக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏன் என்றால், விடுப்பு வேறு, விடுதலை வேறு. விடுப்பில் தண்டனை அழிவதில்லை. முன்விடுதலைக்கான 14 வருடக் கணக்கில் பரோல் நாட்களைச் சேர்க்க முடியாது என்று 2023இல் கோவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெளியே இருந்த நாளை உள்ளே இருந்து ஈடுகட்ட வேண்டும். ஆகவே அது பரிசு அல்ல. நூற்றாண்டு விழா விடுதலை அப்படியல்ல. அது ராஜா காலத்துத் தானம். பட்டாபிஷேகத்துக்குச் சிறைக் கதவைத் திறந்துவிடுகிற பழக்கம். தானம் கொடுக்கிறவனுக்குப் புகழ், வாங்குகிறவனுக்கு லாபம், வெட்டுப்பட்டவனுக்கு ஒன்றுமில்லை. நாம் எதிர்க்க வேண்டியது அந்தத் தானத்தை.

இன்னொரு காரணம் நம் சொந்தப் பாதுகாப்பு. குற்றம் கொடூரமானது, அதனால் விடுப்புக் கூடாது என்ற வாக்கியத்தை நாம் எழுதிக் கொடுத்தால், அது முதலில் யார் மேல் பாயும்? குற்றத்தின் தன்மையை மட்டும் காட்டிப் பரோலை மறுக்கக் கூடாது, கைதிக்கும் கொஞ்சம் வெளிக்காற்று வேண்டும் என்ற கருத்தை 2017இல் அஷ்ஃபாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் காற்று நம் ஆளுக்கும் கிடைக்க வேண்டுமென்றால் அதை எல்லோருக்குமான காற்றாகத்தான் கேட்க முடியும். மனுவின் நீதியில்தான் ஆளுக்கொரு தண்டனை. அதைத் திருப்பிப் போட்டு நமக்குச் சாதகமாக எழுதிக்கொள்வது விடுதலை அரசியல் ஆகாது.

ஆனால் எல்லோருக்கும் என்று சொல்வதோடு ஒரு நிபந்தனையையும் வைக்க வேண்டும். யாருக்கு ஆபத்து என்ற கேள்வியைப் பாதிக்கப்பட்டவர்களிடம் முதலில் கேள். சேரிக்கு ஆபத்து என்றால், அவன் வேறு ஊரில் உறவினர் வீட்டில் தங்கட்டும், சாவுச் சடங்குக்குக் காவலோடு வந்து போகட்டும். அதே மாதிரி தலித் கைதி வந்தால் மிரட்டுவோம் என்று ஊர் சொன்னால், மிரட்டுபவன் மேல் வழக்குப் போடு, கைதிக்குப் பாதுகாப்புக் கொடு. இரண்டும் ஒரே நியாயம்தான். பயப்படுகிறவன் பக்கம் நிற்பது ஒன்று, பயமுறுத்துகிறவன் பக்கம் நிற்பது இன்னொன்று. அமைதி என்ற ஒரே வார்த்தையால் இரண்டையும் மூடக் கூடாது.

பரோல் முடிந்து, தண்டனையும் முடிந்து ஒருவன் நிரந்தரமாக வெளியே வருகிறான். அப்போதாவது வாக்குச் செல்லுமா? பக்கத்தில் திருட்டு நடந்தால் ராத்திரியே கதவு தட்டப்படும். ஸ்டேஷனில் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் ஒழிந்தது. மறு வருடமே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. சாதியின் பெயரை எடுத்துவிட்டு ஆளின் பெயரை எழுதினார்கள். சிறைக்குள்ளும் அதே கதை. சாதி பார்த்து வேலை கொடுப்பதையும், தனித்தனியாக அடைப்பதையும் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. சாதி மோதல் வராமல் இருக்கவே பாளையங்கோட்டைச் சிறையில் தனித்தனியாக அடைக்கிறோம் என்று அரசு சொன்ன சமாதானத்தையும் ஏற்கவில்லை. பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. சிறைக்குள் பத்து வருடம் சாதி வாரியாக அடைபட்டவன் வெளியே வந்து திருந்தி வாழணும் என்கிறார்கள். எங்கே திருந்த? எந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு?

அவனுக்குக் கூலி வேலைகூட ஊர்க்காரன் கொடுத்தால்தான் உண்டு. நிலம் உள்ளவன் ஜெயிலுக்குப் போனால் நிலம் காத்திருக்கும். கூலிக்காரன் போனால் காத்திருப்பது கடன் மட்டும்தான். நூறு நாள் அட்டையில் பெயர் விட்டுப்போயிருக்கும், ரேஷன் கார்டில் அடித்திருப்பார்கள். உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிப்பதே முதல் வேலையாகிவிடும்.

இதில் நம் தெருவையும் விட்டுவிட முடியாது. ஆண் கைதி வந்தால் ஆத்தா கட்டிப்பிடித்து அழும், கறி எடுத்துச் சமைப்பார்கள். பெண் வந்தால்? புருஷன் வேற கட்டிக்கிட்டான், புள்ளைங்கள மாமியா மூஞ்சியக் காட்ட விடமாட்டேங்குறா, அண்ணன் வாசலிலேயே நிறுத்திப் பேசுறான். 'எதுக்கு வந்த?' என்கிற கேள்வியை ஊர் நம்மிடம் கேட்டால் அது சாதி. நாம் நம் பெண்ணிடம் கேட்டால் அதற்கு என்ன பெயர்? வாக்கு அம்பலம் ஏறாத வலி தெரிந்தவர்கள் நாம். நம் சொந்த அம்பலத்தில் அவள் சொல்லை ஏற்றுகிறோமா?

பரோலைப் பற்றிப் பேசும்போது நாம் கேட்பது கருணை அல்ல. அறிக்கை எழுத வருகிறவர் சேரிக்குள் வரட்டும். அறிக்கையின் நகல் கைதி கைக்கு வரட்டும், அவன் பதில் சொல்லட்டும். சொத்துப் பிணை ஒழியட்டும். கொல்லப்பட்டவர் குடும்பத்திடம் கேட்காமல் எந்தத் தலைவர் பிறந்த நாளுக்கும் கதவு திறக்க வேண்டாம். மனிதன் திரும்பி வரலாமா என்ற கேள்விக்கு இன்று ஊர் பதில் சொல்கிறது. அந்தப் பதிலைச் சொல்லும் இடத்தில் சேரியும் உட்காருகிற நாள் வரை, பரோல் என்பது வாக்கின் பெயரால் நடக்கிற சாதி விசாரணைதான்.