எனக்கு ஒண்ணும் இல்லீங்க

போன வருஷம் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷன் காலியானபோது ஒரு பையன் போன் செய்தான். நல்ல வேலை. கேட்ட அட்வான்ஸைத் தரத் தயார். தண்ணி எப்போ வரும் என்பது வரை விசாரித்துவிட்டுக் கடைசியில்தான் பெயரைச் சொன்னான். இஸ்லாமியப் பெயர். "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, அக்கம்பக்கத்துல ஒத்துக்க மாட்டாங்க" என்றேன். "பரவால்லண்ணா" என்று வைத்துவிட்டான். குரலில் கோபமே இல்லை. அன்றைக்கு எத்தனையாவது தடவையாக அதைக் கேட்டானோ.

சில மாதங்கள் கழித்து அமெரிக்காவில் ஊர் ஊராக வீடு கட்டி விற்ற வில்லியம் லெவிட்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். என் வாக்கியம் அங்கே இருந்தது.

'லெவிட் அண்ட் சன்ஸ்' 1929இல் ஆபிரகாம் லெவிட் தன் இரு மகன்களோடு தொடங்கிய நிறுவனம். ஆல்ஃபிரட் வீட்டை வரைவார், வில்லியம் விற்பார். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்குக் குடியிருக்க இடமில்லை. மாமனார் வீட்டிலும் ராணுவத் தகரக் கொட்டகைகளிலும் குடும்பம் நடத்தினார்கள். 1947இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி லெவிட்டுகள் வேலையை ஆரம்பித்தார்கள். வீடு கட்டுவதை 27 வேலைகளாகப் பிரித்தார்கள். கார் தொழிற்சாலையில் கார் நகரும், தொழிலாளி நிற்பார். இங்கே வீடு நிற்கும், ஆட்கள் நகர்வார்கள். வாஷிங் மெஷினைத் தரையோடு சேர்த்து போல்ட் போடுவது மட்டுமே ஒருவருடைய வேலை. உச்சத்தில் நாளைக்கு முப்பது வீடுகள். 1951க்குள் 17,447 வீடுகள், அவற்றுக்கு லெவிட்டவுன் என்று பெயர். எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி என்று பலர் கேலி செய்தார்கள். மாமனார் வீட்டு ஹாலில் படுத்துக்கிடந்தவன் கேலி செய்திருக்க மாட்டான்.

ஆரம்பத்தில் மாதம் 60 டாலருக்கு வாடகைக்கும் விட்டார்கள். அந்த ஒப்பந்தத்தின் 25வது ஷரத்து, வெள்ளை இனத்தவரைத் தவிர வேறு யாரும் அங்கே குடியிருக்கக் கூடாது என்றது. வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. அதே போரில் சண்டையிட்ட கறுப்பினச் சிப்பாய் அந்த வீட்டைத் துடைக்கலாம், சாவியை வாங்க முடியாது. இத்தகைய ஷரத்துகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாதென்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு ஷரத்து போனது, வழக்கம் போகவில்லை. கடனுக்கு உத்தரவாதம் தந்த அரசு அமைப்பே இனவாரியாகப் பிரிந்த குடியிருப்புகளைத்தான் விரும்பியது.

லெவிட் யூதர். யூதனான தன் மனதில் இனவெறுப்புக்கு இடமே இல்லை என்றார். ஆனால் ஒரு வீட்டைக் கறுப்பினக் குடும்பத்துக்கு விற்றால் வெள்ளை வாடிக்கையாளர்களில் 90, 95 சதவீதம் பேர் வாங்க மாட்டார்கள். அது அவர்களுடைய மனோபாவம், எங்களுடையதல்ல என்றார். வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்கலாம், அல்லது இனப் பிரச்சினையைத் தீர்க்க முயலலாம், இரண்டையும் ஒன்றாக முடியாதாம்.

அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, அதுதான் தொந்தரவே. வெறுப்பில்லாத ஆள் என்றே வைத்துக்கொள்வோம். வீடு வாங்குபவரும் எனக்கு ஒன்றுமில்லை, வீட்டு மதிப்பு குறைந்துவிடும் என்பார். கடன் கொடுப்பவரும் மதிப்பைத்தான் காட்டுவார். வெறுப்பவர் எப்போதும் அடுத்த வீட்டில்தான் இருக்கிறார். சரி, அந்த 90 சதவீதம்? கணக்கெடுத்துச் சொன்னதல்ல, அனுபவத்தில் தெரிந்துகொண்டாராம். அது உண்மையா என்று சோதித்துப் பார்க்கும் வசதி நாட்டிலேயே அவருக்குத்தான் அதிகம். அவர் வீடுகளுக்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவர் முகம் சுளித்துப் போனால் பின்னால் இன்னொருவர் இருந்தார்.

1957 ஆகஸ்டில் அந்தச் சோதனையை வேறொரு குடும்பம் தன் தலையில் ஏற்றது. பென்சில்வேனியாவில் அவர் கட்டிய இரண்டாவது லெவிட்டவுனில் டெய்ஸி, வில்லியம் மையர்ஸ் தம்பதி குழந்தைகளோடு குடிவந்தார்கள். கறுப்பினக் குடும்பம். நிறுவனத்திடமல்ல, முன்பு அங்கிருந்தவரிடம் வாங்கிய வீடு. கூட்டம் கூடியது, கல் பறந்தது, ஜன்னல் உடைந்தது. கூட்டம் வரும் என்ற வரையில் லெவிட் சொன்னது சரி. ஆனால் பக்கத்து வீட்டு வெக்ஸ்லர் தம்பதி அவர்களோடு நின்றார்கள். காவலுக்கு வந்தவர்களும் உண்டு. நீதிமன்றம் தடையாணை போட்டது. ஊர் காலியாகவில்லை. நியூஜெர்சியில் கட்டிய மூன்றாவது ஊரில் 1960இல் நீதிமன்றம் கட்டாயப்படுத்தியபின் கறுப்பினத்தவருக்கு விற்றார்கள். வெள்ளையர்களும் தொடர்ந்து வாங்கினார்கள். அந்த ஊர், வில்லிங்பரோ, காலப்போக்கில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் ஊரானது உண்மை. அதைக் காட்டி லெவிட்டுக்காக வாதாடலாம். ஆனால் அது பல வருஷங்களில் நடந்தது. அவர் பயந்ததோ நாளைய விற்பனைக்கு.

டெய்ஸி மையர்ஸை 1999இல் அந்தப் பகுதி மேயர் அழைத்து மன்னிப்புக் கேட்டார். நாற்பத்திரண்டு வருஷம்.

இதையெல்லாம் படித்தபின் ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "யாரு வந்தா எனக்கென்ன தம்பி, கேட் முன்னாடி வண்டிய நிறுத்தாம இருந்தா போதும்" என்றார். எதிர் வீட்டு சார் கொஞ்சம் யோசித்தார். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா. அந்த அக்காதான் ஒத்துக்க மாட்டாங்க."

மாடிக்கு வேறு குடும்பம் வந்து எட்டு மாதமாகிறது.