வேலியோர முருங்கை

கொழும்பின் இடப்பெயர்களை மட்டும் படித்துவிட்டு இங்கே வரும் ஒருவர், இது தோட்டங்களால் ஆன நகரம் என்றே எண்ணிக்கொள்வார். வாழைத்தோட்டம், கறுவாத்தோட்டம், மாளிகாவத்தை, வெள்ளவத்தை. சிங்களத்தில் 'வத்த' என்பதும் தமிழில் தோட்டம் என்பதும் ஒன்றுதான். ஆனால் நாற்பது வருடமாக வாழைத்தோட்டத்தில் குடியிருக்கும் நான் அங்கே வாழைக்குலையைக் கண்டது பழக்கடைகளில் மட்டும்தான். நகரத்துப் பேச்சில் தோட்டம் என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. பொதுக் குழாயையும் பொது மலசலகூடத்தையும் பகிர்ந்துகொண்டு, ஒன்றோடொன்று ஒட்டிய ஒற்றையறை வீடுகளில் ஏழைகள் வாழும் குடியிருப்பே அது. 'தோட்டத்துப் பிள்ளை' என்று ஆசிரியர்கள் ஒரு மாணவனைக் குறிப்பிடும்போது அந்தச் சொல்லில் பசுமை எதுவும் இருப்பதில்லை. முப்பத்தைந்து வருடம் படிப்பித்த நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். பிற்காலத்தில் அத்தகைய குடியிருப்புகளை அகற்றி மக்களை அடுக்குமாடிகளுக்கு அனுப்பியபோது, அவற்றுட் சிலவற்றுக்கு 'மெத்சர உயன', 'சிறிசர உயன' என்று பெயரிட்டார்கள். உயன என்றால் பூங்கா. மண் குறையக் குறைய நாம் பெயர்களில் தோட்டம் வைத்துக்கொண்டோம் போலும்.

இந்தக் கட்டுரை ஒரு சிறிய தோட்டத்தைப் பற்றியது. அதைவிட, அந்தத் தோட்டத்தில் நான் போட்ட ஒரு பூட்டைப் பற்றியது.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், அதே ஆண்டு நவம்பரில் அந்தத் தடை நீக்கப்பட்டதும், அதற்கிடையில் வயல்களுக்கு நேர்ந்ததும் எல்லோருக்கும் தெரியும். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த முடியாதென்று அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாயிற்று. அதாவது, முந்திய வருடம் நூறு ரூபாவுக்கு வாங்கியதை வாங்க ஏறத்தாழ இருநூறு ரூபா தேவைப்பட்டது. அந்த ஜூன் மாதத்தில் அரச ஊழியர்களுக்கு மூன்று மாத காலத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்தது. எரிபொருளை மிச்சப்படுத்துவதோடு, அவர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதும் அதன் நோக்கம். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வளவும் இல்லை, நாட்கூலிக்கு விடுமுறையும் இல்லை. மண்ணில்லாதவனிடம் பயிரிடச் சொல்வது, பாயில்லாதவனிடம் தூங்கச் சொல்வதைவிடக் கொடுமையானது. பாயில்லாவிட்டாலும் தரையிலாவது தூங்கலாம்.

எங்கள் ஒழுங்கையின் முடிவில் ஏறத்தாழ ஆறு பேர்ச் நிலம் கிடந்தது. முன்னர் பண்டகசாலையாக இருந்த கட்டடம் இடிந்து, பல வருடங்களாகக் குப்பை கொட்டும் இடமாகிவிட்டது. உரித்துப் பற்றி வழக்கு நடப்பதாகக் கேள்வி. நீதிமன்றங்கள் நிறைந்த புதுக்கடை கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த வழக்கு முடிந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. இருபத்துமூன்று குடும்பங்கள் சேர்ந்து அதைத் துப்புரவாக்கினோம். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

நகரத்து மண்ணை அப்படியே நம்பக்கூடாது என்று விவசாயத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எச்சரித்தார். இந்நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல்தான் நிறுத்தப்பட்டது. அதுவரை வீதியோரத்தில் படிந்த ஈயமும், இடிந்த சுவர்களின் பழைய பெயின்டில் இருந்த ஈயமும் மண்ணைவிட்டு எளிதில் போவதில்லை. கீரை வகைகளில் அது சேரும். இலைகளில் ஒட்டும் தூசியோடும் உடலுக்குள் போகும். ஆகவே பெயின்ட் வாளிகளைத் தவிர்த்து, அரிசிச் சாக்குகளிலும் செங்கல் அடுக்கிய பாத்திகளிலும் வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணை நிரப்பினோம். பள்ளிவாசலில் வுழூச் செய்யும் இடத்திலிருந்து வடியும் நீரை ஒரு குழாய் வழியே திருப்பிவிட நிர்வாகம் இணங்கியது. மரக்கறித் தோல், தேங்காய்த் துருவல் சக்கை, முட்டைக்கோது எல்லாம் கூட்டெருவாயின. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீத்தொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளைப் புதைத்ததைக் கண்டவர்கள் நாம். நம் குசினியிலிருந்து போகும் வாளி எங்கே போய்ச் சேருகிறது என்று அதற்குப் பிறகும் யோசிக்காமல் இருக்க முடியாது.

பச்சைமிளகாய், கத்தரி, வெண்டி, பயிற்றை, கங்குங், பொன்னாங்காணி, வல்லாரை. வேலியோரமாக நாலு முருங்கைத் தடிகளை ஊன்றினோம். நாலு மாதத்தில் ஒழுங்கையே பச்சையாயிற்று.

ஒரு கணக்கை மறைக்காமல் சொல்லவேண்டும். நமது நாட்டுச் சராசரி விளைச்சலை வைத்துப் பார்த்தால், ஆறு பேர்ச்சில் நெல் விதைத்தால் ஒரு போகத்தில் கிடைப்பது ஏறத்தாழ 45 கிலோ அரிசி. ஒரு ஆளுக்கு அரை வருடத்துக்கும் காணாது. இருபத்துமூன்று குடும்பங்களை அந்த நிலம் ஒருபோதும் காப்பாற்றியிராது. நகரத் தோட்டம் பசியைத் தீர்க்கும் என்று சொல்பவர்கள் ஒன்று தோட்டம் செய்யாதவர்கள், அல்லது அரசின் பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்புபவர்கள். அது கறிக்கு ருசியைத் தரும், சோற்றுக்கு ஒரு சுண்டலைத் தரும், பிள்ளையின் தட்டில் கொஞ்சம் பச்சை சேர்க்கும். அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவு' எட்டாமற் போயிருந்த நாட்கள் அவை.

பிரச்சினை 2023 தொடக்கத்தில் வந்தது. இரவில் மிளகாய் காணாமற் போயிற்று. பிறகு கத்தரி. ஒரு விடியலில் பயிற்றங்கொடி வேரோடு பிடுங்கப்பட்டுக் கிடந்தது. அதற்கு மூன்று மாதம் தண்ணீர் சுமந்தவர், முதுகுவலியுள்ள ஒரு தையற்காரர். அவர் அழவில்லை, ஆனால் அன்றிலிருந்து அவர் தோட்டத்துக்கு வரவில்லை. இஷாத் தொழுகைக்குப் பின் கூடிப் பேசினோம். பூட்டு வேண்டும் என்று சொன்னவன் நான்தான். கம்பிவலை அடித்து, படலை போட்டு, பூட்டை நானே வாங்கினேன். திறப்பும் என்னிடமே இருந்தது. பள்ளிக்கூடத்தில் பழகிய கை அல்லவா.

பத்து நாளிருக்கும். சுபஹ் தொழுதுவிட்டு வரும்போது, கம்பிவலையினூடாக ஒரு கை முருங்கைக் கொப்பை முறித்துக்கொண்டிருந்தது. பின்னாலுள்ள தோட்டத்தில் — ஆம், அந்த மற்றத் தோட்டத்தில் — வசிக்கும் ஒரு ராத்தா. வீடுகளில் வேலை செய்பவர். எங்கள் திட்டம் தொடங்கியபோது தன்னையும் சேர்க்கும்படி கேட்டவர். 'ஒழுங்கையில் உள்ளவர்களுக்கு மட்டும்தான்' என்று பதில் சொன்னவனும் நான்தான்.

"ராத்தா, இது நல்லதா?" என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை.

"முருங்கை முறிக்க முறிக்கத்தான் தழைக்கும், சேர். உட்டா ஓங்கிப் பெய்த்திரும்" என்றார்.

"அதுக்கில்ல. கேட்டு எடுக்கலாமே."

"ஆருட்டக் கேக்க?" கொப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். "இந்தக் காணி ஆர்ட, சேர்? ஒங்கடயா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் போய்விட்டார். மிளகாயை எடுத்ததும் கொடியைப் பிடுங்கியதும் அவரா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வி தங்கிவிட்டது. யாரிடமும் கேளாமல் ஒரு நிலத்தை எடுத்துக்கொண்ட நாங்கள், யாரிடமும் கேளாமல் ஒரு கொப்பை எடுத்தவருக்கு எதிராக அந்த நிலத்தைப் பூட்டியிருக்கிறோம்.

இறந்த நிலத்தை உயிர்ப்பித்தவருக்கே அது உரியது என்ற மார்க்கச் சட்டக் கோட்பாட்டை எங்களில் ஓர் இளைஞர் எடுத்துக்காட்டினார். ஆட்சியாளரின் அனுமதி அதற்குத் தேவை என்பது இமாம் அபூஹனீபாவின் கருத்து. தேவையில்லை என்பது நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நிலை. ஆனால் இரு தரப்பாருமே பேசுவது உரிமையாளர் எவருமில்லாத நிலத்தைப் பற்றி. உறுதி எழுதப்பட்டு, வழக்கும் நடக்கும் கொழும்பு நிலம் அந்த வகையில் அடங்காது. எல்லையிட்டு வைத்துக்கொண்டு மூன்று வருடம் பயன்படுத்தாமல் விட்டவருக்கு அதில் உரிமையில்லை என்று உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்ததாக வரும் செய்தியும் உண்டு. தகரம் அடித்து வருடக்கணக்காக மூடிவைத்த நிலங்களுக்குப் பக்கத்தில் மக்கள் மூச்சுமுட்ட வாழும் இந்நகரத்தில் அதைப் பற்றி அதிகம் பேசவேண்டும். ஆயினும் அது எங்களுக்கு உறுதி எழுதித் தராது. சரியாகச் சொன்னால், நாங்கள் அங்கே அழையா விருந்தாளிகள்.

அப்படியென்றால் எங்கள் உழைப்புக்கு மதிப்பே இல்லையா? தையற்காரரின் முதுகுவலிக்கு யார் பதில் சொல்வது? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. ஒருவர் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்ற கருத்திலான நபிமொழியை நாம் சிறுவயது முதல் கேட்டுவருகிறோம். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஓர் அறிவிப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது: அதிலிருந்து களவாடப்படுவதும் நட்டவருக்குத் தர்மமே. இதை நான் நீண்ட நாள் தவறாக விளங்கிக்கொண்டிருந்தேன், களவைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது என்று. அப்படியல்ல. களவெடுத்தவரின் கணக்கு அவரோடு, அது தள்ளுபடியாவதில்லை. இது பேசுவது நட்டவரோடு. நீ எதையும் இழக்கவில்லை, ஆகவே இழந்தவனின் கோபத்தோடு நடந்துகொள்ளாதே என்கிறது. கொடியைப் பிடுங்கியவர் தையற்காரருக்கு அநியாயம் செய்தார். அது பிறர் ஹக்கு. ஆனால் அந்தக் கோபத்தில் நான் பூட்டியது பிடுங்கியவரை மட்டுமல்ல. கேட்டவரையும் சேர்த்துத்தான்.

இங்கிலாந்தில் டொட்மோர்டன் என்ற சிற்றூரில் 2008 முதல் பொலிஸ் நிலையத்தின் முன்னாலும் வீதியோரங்களிலும் காய்கறி நட்டு, யாரும் பறித்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்கள். வேலியே இல்லாத அந்த முறையை எங்கள் இளைஞர்கள் புகழ்ந்தார்கள். நானும் மதிக்கிறேன். ஆனால் பறிக்காவிட்டாலும் பட்டினி கிடக்காதவர்கள் மத்தியில் திறந்துவிடுவது ஒன்று. 2022இன் கொழும்பில் திறந்துவிடுவது வேறொன்று. இங்கே முற்றாகத் திறந்துவிட்டால் ஓர் இரவில் வெறும் சாக்குகள்தான் மிஞ்சும். பிறகு யாரும் தண்ணீர் சுமக்க வரமாட்டார்கள்.

வழிப்போக்கர் பசித்தால் தோட்டத்தில் உண்ணலாம், ஆனால் மடியில் கட்டிக்கொண்டு போகக்கூடாது என்ற கருத்தில் வரும் அறிவிப்புகளும் உண்டு. அதன் எல்லைகள் பற்றி அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். எனினும் அதில் ஒரு நிதானம் இருக்கிறது. முழுவதும் பூட்டாமலும் முழுவதும் திறக்காமலும் ஒரு வழி இருக்கிறது என்பதை அது எனக்குக் காட்டியது. மீண்டும் கூடினோம். வலையை இரண்டு முழம் உள்ளே தள்ளி அடித்தோம். முருங்கையும் பொன்னாங்காணியும் கங்குங்கும் வெளியே நின்றன. பறிக்கப் பறிக்கத் தழைக்கும் அவை யாருக்கும் உரியவை. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகே காய்க்கும் பயிர்கள் உள்ளே, உழைத்தவரின் பங்காக. பின்னாலுள்ள தோட்டத்திலிருந்து ஒன்பது குடும்பங்களைச் சேர்த்தோம். திறப்பை ஐந்து பேரிடம் கொடுத்தோம். அவர்களில் அந்த ராத்தாவும் ஒருவர். களவு முற்றாக நின்றுவிடவில்லை. குறைந்தது. தையற்காரர் திரும்பி வரவில்லை. அவருக்கு நாங்கள் இன்னும் கடன்பட்டிருக்கிறோம்.

நான் கற்றுக்கொண்டது இதுதான்: உழைப்பு ஒருவருக்கு விளைச்சலில் பங்கைத் தரும், படலையைத் தராது. யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானிக்கும் உரிமையை நான் தண்ணீர் ஊற்றிச் சம்பாதிக்கவில்லை. அதை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது வெறும் பழக்கம். வகுப்பறையில் 'தோட்டத்துப் பிள்ளை' என்று சொன்ன அதே பழக்கம்.

2024இல் வழக்கு ஒருவாறு முடிந்து, நிலத்தைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். வந்தவர்கள் மரியாதையாக ஒரு வாரத் தவணை தந்தார்கள். நாங்கள் வழக்காடவில்லை. சாக்குகளைப் படிக்கட்டுகளுக்கும் மொட்டைமாடிகளுக்கும் கொண்டுபோனோம். முருங்கைகளைத் தறித்துத் தடிகளாக்கிப் பகிர்ந்துகொண்டோம். முருங்கை நட்டவன் வெறுங்கையோடு போவான் என்று ஒரு பழமொழி இருக்கிறது. கீரை தின்றவனுக்கு முதுமையிலும் ஊன்றுகோல் தேவைப்படாது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். எனக்கு இப்போது அதன் நேர்ப்பொருளே போதுமாயிருக்கிறது.

ராத்தா இரண்டு தடிகளை எடுத்துப்போய்ப் பொதுக் குழாயடியில் ஊன்றியிருக்கிறார். ஒன்று துளிர்த்திருக்கிறது. வேலி எதுவும் இல்லை. சென்ற வாரம் அவ்வழியே போனபோது கீரை பறிக்க வேண்டும் போலிருந்தது. யாரிடம் கேட்பது என்று சிறிது நேரம் நின்றேன். பிறகு கதவைத் தட்டிக் கேட்டேன்.

"இதென்னத்துக்குக் கேக்கிய, சேர்? முறிச்சுக்கோங்க" என்றார்.