தோற்கும் குழுவும் துறவாத மனமும்

மியூனிக் ஒலிம்பிக்கில் 1972இல் ஆடிய நம் நாட்டுக் காற்பந்துக் குழு, 1980இல் மாஸ்கோவுக்கும் தகுதிபெற்றது, புறக்கணிப்பினால் செல்லவில்லை. கோல சிலாங்கூர்த் தோட்டத் திடல்களில் வலைகாத்த சிறுவரெல்லாம் தம்மை ஆறுமுகமாகவே எண்ணிக்கொண்ட காலம் அது.

பின்னர் வந்தது நெடிய வீழ்ச்சி. 2015இல் அபுதாபியில் 10-0 எனத் தோற்றபோது, "இனி இவர்கள் ஆட்டத்தைப் பாரேன்" என்று சூளுரைத்தேன். அடுத்த ஆட்டத்திற்கே தொலைக்காட்சி முன் அமர்ந்தேன், வீட்டார் நகைத்தனர்.

இப்பற்று நற்பண்பா? அன்றி, நம் பொறுமையே நிருவாகத்தின் மெத்தனத்திற்கு உரமாகின்றதா? பின்னதிலும் உண்மையுண்டு. எனினும், தேறாத மாணவனை ஆசிரியர் நாம் கைவிடுவதில்லை. அவன் பெறாத புள்ளியை இடுவதுமில்லை.

2024 சனவரியில், ஆசியக் கிண்ணத்திலிருந்து வெளியேறுவது முன்பே உறுதியான நிலையில், தென்கொரியாவுடன் 3-3 எனச் சமன் கண்டனர். எழுந்து நின்று கைதட்டினேன். பிரிவில் கடைசி இடம் நமதே என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை.