கெட்டுப்போனதற்கு ஒரு சுத்தமான புட்டி

கெட்டுப்போன பானம் ஒன்றை ஊற்றி வைப்பதற்காக ஒருவர் ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து, அதை வெந்நீரில் அலசி, கந்தக உப்புக் கரைத்த நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி வைத்து, மறுபடியும் நல்ல நீரில் அலம்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, உள்ளே ஓர் அழுக்கும் இல்லையென்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே ஊற்றினார் என்றால், அந்த மனிதரைப் பற்றி என்ன அபிப்பிராயம் கொள்வது? ஊற்றப்போவதோ கெட்டது, அதற்குமேல் கெடுவதற்கு அதில் என்ன மிச்சமிருக்கிறது? காரியம் அற்பமானது, சம்பந்தப்பட்ட வஸ்துவும் நம் வீடுகளில் பேசத் தகாததென்று பலர் கருதுவது. ஆயினும் எத்தனையோ பெரிய விஷயங்கள் மறந்துபோன பிறகும் இந்தப் புட்டி மட்டும் என் மனத்தை விட்டு நகர மறுக்கிறது.

எழுபதுகளின் நடுவில் இங்கிலாந்தில், யார்க்ஷயரிலுள்ள ஒரு கம்பளி ஆலை நகரத்தில், ஓய்வுபெற்ற நெசவாளி ஒருவருடைய வீட்டு மாடியறையில் நான் வாடகைக்கு இருந்தேன். அந்த ஊரைப் பற்றி இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை வந்தால் அந்த வீட்டுச் சமையலறை அவருடையதாகிவிடும். அவருடைய மனைவி, அன்று அடுப்பங்கரையில் தமக்கு அதிகாரமில்லை என்பதை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டவராகையால், காலையிலேயே தம் சகோதரி வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். பெரியவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பீர் காய்ச்சத் தொடங்குவார்.

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை, மால்ட் என்று அவர்கள் சொல்வதை, நொறுக்கி ஏறக்குறைய 65 டிகிரிச் சூடுள்ள நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால், தானியத்தின் மாவு முளையிலேயே பிறந்த ஒரு சக்தியால் சர்க்கரையாக மாறிவிடுகிறது. சூடு அதிகம் ஏறினால் அந்தச் சக்தி செத்துப்போகும். இறங்கினால் வேலை மந்தப்படும். ஆகையால் அவர் பாத்திரத்தைப் பழைய கம்பளியால் சுற்றி, வெப்பமானியும் கையுமாய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பிறகு அந்த இனிப்பு நீரை வடித்து, கென்ட் பிரதேசத்தில் விளையும் ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைப் போட்டு, இன்னும் ஒரு மணி நேரம் கொதிக்க விடுவார். கொதித்ததை ஆறவைத்து, ஈஸ்ட்டைத் தூவி, மூடியும் விட்டால் மனிதனுடைய வேலை முடிந்தது. மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஜீவராசியின் பொறுப்பு. (பீர் என்பது வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றினால் மட்டுமே ஆகவேண்டுமென்று பவேரியாவில் 1516-ல் ஒரு புகழ்பெற்ற கட்டளை பிறந்தது, வேலை முழுவதையும் செய்கிற ஈஸ்ட்டின் பெயர் அதில் இல்லை. உலகத்தில் இது புதிதல்ல.) மூடியில் செருகிய வளைந்த கண்ணாடிக் குழாயில் சிறிது நீர் நிற்கும். உள்ளே உண்டாகும் வாயு அந்த நீரைத் தள்ளிக்கொண்டு குமிழியாய் வெளியேறும். வெளிக்காற்றோ உள்ளே புக முடியாது. நள்ளிரவில் விழித்துக்கொண்டால், கீழேயிருந்து அந்தக் குமிழியின் ஓசை எனக்குக் கேட்கும்.

ஆனால் இந்தக் கலையில் காய்ச்சுவதைவிடக் கழுவுவதே அதிகம். வாளி, கரண்டி, குழாய், புனல், புட்டி, மூடி என்று பீரைத் தீண்டப்போகும் ஒவ்வொன்றும் முன்னதாகக் கிருமி நீங்கியிருக்க வேண்டும். ஏனெனில் ஈஸ்ட்டுக்கு விருந்தாகும் சர்க்கரை வேறு எத்தனையோ கிருமிகளுக்கும் விருந்துதான்.

இந்த ஓய்வுநேரத் தொழில் அந்த நாட்டிலும் எப்போதும் தடையின்றி நடந்ததல்ல. பிரதமர் கிளாட்ஸ்டன் 1880-ல் மால்ட்டின்மேல் இருந்த வரியை நீக்கிப் பீரின்மேல் விதித்தபோது, தன் வீட்டில் தனக்கென்று காய்ச்சிக்கொள்பவனும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. 1963-ல்தான் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங், விற்கக் கூடாதென்ற நிபந்தனையோடு, அந்தச் சீட்டை ஒழித்தார். அதே வருஷத்தில் சி. ஜே. ஜே. பெர்ரி என்பவர் வீட்டுப் பீரைப் பற்றி எழுதிய சிறு நூலும் வெளிவந்தது; பெரியவரிடமிருந்த பிரதி பலமுறை நனைந்து உலர்ந்து இரு மடங்கு பருத்திருந்தது. நானோ மதுவிலக்கின் கீழ் வளர்ந்தவன். 1937-ல் சேலம் ஜில்லாவில் ராஜாஜி தொடங்கிய அந்தச் சட்டம் 1948-க்குள் சென்னை மாகாணம் முழுவதையும் வளைத்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் ஊறல் என்றால், ஆற்று மணலில் புதைத்த பானைகளும், அவற்றைக் கம்பியால் குத்திக் குத்தித் தேடும் போலீஸ்காரர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். அப்படியிருக்க, மூக்குக்கண்ணாடி அணிந்த ஒரு கௌரவமான மனிதர் பட்டப்பகலில், தெருவைப் பார்த்த ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, குறிப்புப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதியபடியே இதைச் செய்வதைப் பார்த்து நான் ஆச்சரியப்பட்டதில் அதிசயமில்லை. நான் அருந்தாதவன் என்பது தெரிந்த பின் அவர் வற்புறுத்தவில்லை. புனலைப் பிடித்துக்கொள்ளும் உத்தியோகத்தை மட்டும் எனக்குக் கொடுத்தார்.

ஒரு சனிக்கிழமை, புட்டிகளில் நிரப்புவதற்காக வாளியின் மூடியைத் திறந்தபோது, பீரின்மேல் மெல்லிய வெண்படலம் ஒன்று சுருக்கம் சுருக்கமாய்ப் படர்ந்திருந்தது. புளித்த நெடி எழுந்தது. பெரியவர் ஒரு கரண்டி எடுத்து நாவில் வைத்துப் பார்த்துத் துப்பினார். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. 5 காலன் பீர், அதாவது 40 பைண்ட், கொல்லைப்புறச் சாக்கடையில் போயிற்று. போவதற்கு முன்னால் ஒரே ஒரு புட்டி அளவு மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அதற்காகத்தான் நான் மேலே சொன்ன கழுவலும் அலம்பலும், வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்ததும். பிறகு ஊற்றி, தகர மூடியை அடித்து இறுக்கி, தேதி எழுதிய சீட்டைக் கோணாமல் ஒட்டி, கோணியில் சுற்றி, ஒரு மரப்பெட்டிக்குள் படுக்கவைத்தார். நல்ல ஈஸ்ட் உண்ணாமல் விட்ட மிச்சத்தையும் இந்தக் காட்டுக் கிருமிகள் உண்ணுமாகையால், மூடிய புட்டிக்குள் வாயு பெருகி அது வெடித்துவிடவும் கூடும். கோணியும் பெட்டியும் அதற்காக. கெட்டதற்கு எதற்காக இத்தனை சுத்தமான புட்டி என்று நான் கேட்டேன். "அழுக்குப் புட்டியில் நான் எதையும் ஊற்றுவதில்லை" என்றார். அவ்வளவுதான், வாளியைத் தேய்க்கப் போய்விட்டார்.

பழக்கத்தின் விளைவு அது என்று சொல்லிவிடலாம். வருஷக்கணக்காகக் கழுவிய கை தானாகவே கழுவியது, அதற்குமேல் அர்த்தம் தேடுவது வீண் என்று புத்தி சொல்கிறது. ஆனால் பழக்கத்தால் கழுவுகிற கை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்குமா? பிடித்து, தயங்கி, மறுபடியும் ஒருமுறை அலம்புமா? அவர் அப்படிச் செய்தார்.

அல்லது விஞ்ஞானிகளின் நியாயம் ஒன்று இருக்கலாம். கெட்டுப்போனவற்றிடம் மனித அறிவு பட்டிருக்கும் கடன் கொஞ்சமல்ல. 1856-ல் லீல் நகரத்தில் பேராசிரியராயிருந்த லூயி பாஸ்டரிடம், பீட் கிழங்கிலிருந்து சாராயம் எடுக்கும் ஆலைக்காரர் ஒருவர், தம் தொட்டிகள் புளித்துப்போகின்றன என்று முறையிட்டார். பாஸ்டர் நல்ல தொட்டியின் துளியையும் கெட்ட தொட்டியின் துளியையும் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். முன்னதில் உருண்டையான ஈஸ்ட் உயிர்களையும், பின்னதில் குச்சிகுச்சியான வேறோர் உயிரையும் கண்டார். பின்னர் 1871-ல் அவர் லண்டனில் விட்பிரெட் பீர் ஆலைக்குப் போய் அவர்களுடைய ஈஸ்ட்டைச் சோதித்துக் குறை சொல்ல, ஆலைக்காரர்கள் உடனே ஒரு மைக்ராஸ்கோப் வாங்கினார்கள். 1876-ல் பீரைப் பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் பீர் துர்வாசனை கொண்டபோது, அங்கே இருந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன் அதில் கலந்திருந்த காட்டு ஈஸ்ட்டைப் பிரித்துக் காட்டி, 1883-ல் ஒரே வித்திலிருந்து பெருகிய தூய ஈஸ்ட்டை வளர்த்துக் கொடுத்தார். சோதனைக்கு எடுக்கும் துளியில் வெளி அழுக்குச் சேர்ந்தால் எது அதன் சொந்தக் கேடு, எது வந்து சேர்ந்தது என்று சொல்ல முடியாமற்போகும். ஆகையால் கெட்டதையும் சுத்தமான பாத்திரத்தில்தான் எடுக்க வேண்டும். இந்தச் சமாதானம் எனக்கு மிகவும் பிடித்தமானது. இதிலுள்ள ஒரே குறை, பெரியவரிடம் மைக்ராஸ்கோப் இல்லை, நான் அங்கிருந்தவரையில் அந்தப் பெட்டியை அவர் திறக்கவுமில்லை என்பதுதான்.

அந்த நெடி என்னைக் கொண்டுபோய் விட்ட இடம் வேறு. எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடிகள் இருந்த உள்ளறைக்குப் பாட்டியைத் தவிர ஒருவரும் போகக் கூடாது. ஸ்நானம் செய்து, கையில் ஈரம் போகத் துடைத்துக்கொண்டுதான் பாட்டி ஜாடியின் வாய்த்துணியை அவிழ்ப்பார். ஊறுகாய் கெட்டால் வீட்டுக்கு ஆகாது என்பது அவருடைய நம்பிக்கை. அந்த ஊரில் எல்லோருடைய நம்பிக்கையும் அதுவே. ஒரு வருஷம் பெரிய பீங்கான் ஜாடியின் மாங்காய் முழுவதும் பூசணம் பிடித்துவிட்டது. அதைப் பாட்டி ஒருவரிடமும் சொல்லவில்லை. ஊர் அடங்கிய பின், அரிக்கன் விளக்கைத் திரி தாழ்த்தி வைத்துவிட்டு, தென்னை மரத்தடியில் தாமே குழி வெட்டிப் புதைத்தார்; தூக்கம் கலைந்து திண்ணைக்கு வந்த நான் பார்த்துவிட்டேன். என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்துக் காட்டினார். அவ்வளவு பயந்த முகத்தோடு பாட்டியை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. மறுநாள் அந்த ஜாடி புளி போட்டு வைக்கும் பாத்திரமாகிவிட்டது. பிறகு ஒருபோதும் அதற்கு மாங்காயின் யோகம் கிட்டவில்லை.

பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை வாசித்தவர்களுக்கு, வீட்டிலேயே ஆக்கும் நெற்கள்ளாகிய தோப்பி நினைவிருக்கும். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள தட்டில் ஆறவிட்டு, நெல்முளையைச் சேர்த்துப் பிசைந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய, உறுதியான வாயுள்ள சாடியில் முற்ற வைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கும் முறையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் நேரில் நின்று பார்த்தவரைப் போல எழுதி வைத்திருக்கிறார். யார்க்ஷயர் அடுப்பங்கரையில் நான் கண்டதற்கும் இதற்கும் தத்துவத்தில் பேதமில்லை. முளைத்த தானியம், சூடு, ஆறுதல், காத்திருத்தல். ஆனால் அந்த வரிகளில் கெட்டுப்போன சாடி இல்லை. விருந்துக்கு வரும் பாணனிடம் அதைப் பற்றி யார் சொல்லப்போகிறார்கள்? அந்த நாளிலும் ஏதோ ஒரு பெண்மணி இரவில் குழி வெட்டியிருக்கக்கூடும் என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

பாட்டிக்கும் பெரியவருக்கும் உள்ள வித்தியாசம் வசதியினால் வந்தது என்று சில காலம் நினைத்திருந்தேன். பாட்டியின் ஜாடி ஒரு வருஷத்து உணவு, அதோடு குடும்பத்தின் மானம். பெரியவரின் வாளியோ அடுத்த சனிக்கிழமை ஈடாகிவிடும் பொழுதுபோக்கு. நஷ்டம் உறைக்காதவன்தான் தன் தோல்விக்குச் சீட்டு ஒட்டி வைத்துக்கொள்ள முடியும் என்பது என் வாதம். வாதம் பலமானதுதான். ஆனால் அவர் எப்போதோ சொன்ன ஒரு விஷயம் அதைக் குலைக்கிறது. இளமையில் தறியில் நின்றபோது, நெய்த துணியில் குறை கண்டால் மேஸ்திரி கூலியில் பிடித்துக்கொள்வார். துணியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். குறை எங்கே, எப்படி நேர்ந்தது என்று இவர் மறுபடி பார்க்கக்கூட முடியாது. ஆயுள் முழுவதும் தன் பிழைக்கு அபராதம் மட்டும் செலுத்தி, பிழையைக் கையில் வைத்துப் பார்க்கக் கொடுத்துவைக்காத ஒருவருக்கு, இந்த ஒரு புட்டி தமக்கே தமக்கென்று கிடைத்த முதல் பிழையாக இருந்திருக்கலாமோ? அப்படியானால் அதற்குச் சுத்தமான புட்டி வேண்டியதுதான். அவர் இதைச் சொல்லவில்லை. நான் ஊகிக்கிறேன், ஊகம் அழகாக இருப்பதனாலேயே எனக்கு அதன்மேல் சந்தேகமும் வருகிறது.

பிழைகளைப் புதைத்துவிட்டு மறுநாள் தைரியமாக எழுந்திருப்பது மேலா, பேரும் தேதியும் இட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்வது மேலா? புதைத்த பாட்டியின் கை அடுத்த வருஷமும் மாங்காயைத் தளராமல் நறுக்கியது. காத்து வைத்த பெரியவரும் அடுத்த சனிக்கிழமை மால்ட்டை நொறுக்கத் தவறவில்லை. என் சுபாவம் பாட்டியுடையது, என் அபிப்பிராயம் பெரியவருடையது. இரண்டுக்கும் நடுவே எனக்கு இன்னும் ஒரு முடிவு கிட்டவில்லை. பாட்டியின் ஜாடியைப் பற்றி இப்படி ஊரறிய எழுதியதை அவர் மன்னித்திருக்கமாட்டார் என்பது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.