நாளைப் போகலாம்

போன பங்குனியில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். கே.கே. நகரில் அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில்தான் நானும் இருக்கிறேன். வந்து நாலாம் நாள் காலை, வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "மைலாப்பூர்ல அறுபத்துமூவர் வருதாமே. கூட்டிட்டுப் போறியா?"

"அண்ணிகிட்ட கேளும்மா, அவங்க போவாங்க" என்றேன்.

"அவ வருவான்னு தெரியும். நீ வருவியான்னுதான் கேட்டேன்."

அவள் ஏன் என்னைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு கேள்வி எங்கள் வீட்டில் பதில் சொல்லப்படாமல் கிடக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா பறை அடிப்பவர். திண்டிவனம் பக்கத்தில் எங்கள் ஊர். சாவுக்கும் அடிப்பார், ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கும் அடிப்பார். தேர் ஊர்த்தெருவைச் சுற்றி நிலைக்குப் போய்ச் சேரும். காலனிப் பக்கம் திரும்பாது. அதற்கு முன்னால் அடித்துக்கொண்டு போன அப்பா, தேர் நிலைக்கு வந்ததும் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு வருவார். 2010இல் நான் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்குப் போயிருந்தபோது ஒருநாள் ராத்திரி சொன்னார்: "சிதம்பரம் ஒரு தடவை பாக்கணும் பாப்பா. நந்தன் போன எடம்."

அந்த வருஷம்தான் நான் பெரியபுராணத்தையும் அம்பேத்கரையும் சேர்த்துப் படித்திருந்தேன். விடுவேனா? கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு ஒரு மணிநேரம் வகுப்பு எடுத்தேன். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் நாளைப்போவாரைப் பெயர் சொல்லி வணங்குவதோடு நிறுத்திக்கொள்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார்தான் கதையை விரித்து எழுதுகிறார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் முரசுக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுப்பவர். தோல் உள்ளே போகும், நரம்பு உள்ளே போகும், கொடுத்தவர் வாசலில் நிற்பார். திருப்புன்கூரில் நந்தி விலகியது. அங்கும் அவர் நின்ற இடத்திலிருந்துதான் பார்த்தார். தில்லையில் தெற்கு வாயிலுக்கு வெளியே தீ மூட்டினார்கள். அதில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்த பிறகுதான் உள்ளே போக முடிந்தது. போனவர் திரும்பி வரவில்லை. நந்தனாரைத் தடுக்கிற வேதியப் பண்ணையார் சேக்கிழாரிடம் இல்லை; பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் சேர்த்த ஆள் அவர். இதையெல்லாம் கொட்டிவிட்டுக் கடைசியில் சொன்னேன்: "நந்தனை எரிச்ச எடம்ப்பா அது."

அப்பா சொன்னார்: "தெரியும்மா. அதான் பாக்கணுங்கறேன்."

எனக்கு அது அன்றைக்குக் காதில் ஏறவில்லை. பரீட்சை இருக்கிறது, முடியட்டும், நாளைக்குப் போகலாம் என்று பேச்சை முடித்தேன். அப்புறம் ஒரு பரீட்சை, ஒரு மாநாடு, ஒரு பேரணி. 2012இல் அப்பா செத்துப்போனார். சிதம்பரம் எங்கள் ஊரிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. பஸ்ஸில் ஒருநாளில் போய்த் திரும்பிவிடலாம்.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் வேதியர், வயல்வேலையைக் காட்டி நந்தனாரை நிறுத்திவைக்கிறார். நான் கொள்கையைக் காட்டி நிறுத்தினேன். இப்படி எழுதினால் சில தோழர்களுக்குக் கோபம் வரும். இரண்டும் ஒன்றா என்பார்கள். ஒன்றில்லைதான். அவரிடம் நிலமும் அதிகாரமும் இருந்தன. என்னிடம் படிப்பு மட்டும்தான். ஆனால் அப்பா வீட்டிலேயே இருந்துவிட்டார், அதில் வித்தியாசம் ஒன்றும் இல்லையே.

இந்தமுறை அம்மாவிடம் வரேன் என்று சொன்னேன்.

மத்தியானச் சோற்றைக் கட்டிக்கொண்டு அம்மா, அண்ணி, அண்ணன் மகள், நான் என்று நாலு பேர் கிளம்பினோம். தி.நகர் வரைக்கும் ஒரு பஸ், அங்கே மாறி இன்னொன்று. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அம்மாவுக்கு இதில் ஒரு பெருமை. கண்டக்டர் கொடுக்கும் காசில்லாத சீட்டையும் மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொள்வாள். காசில்லாமல் போக முடிகிறது என்பதால்தான் எங்களூர்ப் பெண்கள் சாமியைத் தேடியும் இவ்வளவு கிளம்புகிறார்கள் என்று நினைக்கிறேன். முன்பெல்லாம் ஆள் ஒன்றுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்து, கடைசியில் கிழவிகளை வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள்.

அசோக் பில்லரில் வண்டி நின்றது. தூண்மேல் நாலு சிங்கம். அண்ணன் மகளிடம், "இது புத்தரைக் கும்பிட்ட ராஜாவோட தூணு" என்று ஆரம்பித்தேன். அவள் கைப்பேசியில் இருந்தாள். அம்மாதான் கேட்டாள்: "இங்க எறங்கிக் கும்பிடறவங்க யாராச்சும் இருக்காங்களா?" இல்லை என்றேன். "பாவம்" என்றாள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் பத்திரிகை தொடங்கிய ராயப்பேட்டை இங்கிருந்து தொலைவில்லை. நாம் இந்துக்கள் அல்ல, பூர்வ பௌத்தர்கள் என்று அவர் பக்கம் பக்கமாக எழுதினார். அவர் எழுதியதை நான் நம்புகிறேன். அம்மாவிடம் அது இன்னும் போய்ச் சேரவில்லை.

பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் யோசித்தது இதுதான். ஒரு வாசலைத் திறக்கச் சொல்லிப் போராடுவதும், அந்த வாசல் வழியே போக விரும்புவதும் ஒன்றா?

அம்பேத்கர் 1930 மார்ச் 2ஆம் தேதி நாசிக் காலாராம் கோயில் சத்தியாகிரகத்தைத் தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் நடந்தது அது. அடி வாங்கினார்கள், சிறை போனார்கள். கதவு திறக்கவில்லை. 1933இல் ஆலயப் பிரவேச மசோதா வந்தபோது காந்தி ஆதரவு கேட்டார், அம்பேத்கர் கொடுக்கவில்லை. அப்போது ஐரோப்பியர் கிளப்புகளில் தொங்கிய பலகைகளை நினைவுபடுத்தினார். நாய்க்கும் இந்தியருக்கும் அனுமதியில்லை என்ற பலகைகள். அந்தக் கிளப்புக்குள் எங்களை விடுங்கள் என்று எந்த இந்துவும் கெஞ்சவில்லையே, நாங்கள் மட்டும் ஏன் கெஞ்ச வேண்டும் என்பது அவர் வாதம். கோயிலைத் திறப்பதா வேண்டாமா என்பது இந்துக்களின் மானப்பிரச்சினை, அவர்களே யோசித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு தன் தோழர் கெய்க்வாடுக்கு எழுதிய கடிதத்தில் இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறார்: நம் மக்கள் விக்கிரகத்தைக் கும்பிட வேண்டும் என்பதற்காக அந்தப் போராட்டத்தைத் தொடங்கவில்லை, அவர்களைத் தட்டி எழுப்ப அதுதான் நல்ல வழியாகப் பட்டது என்று. 1935 அக்டோபர் 13இல் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அதைச் செய்தும் காட்டினார்.

இந்தக் கணக்கில் நான் சுத்தமாகத்தான் இருந்தேன். கோயில் நுழைவு உரிமை, அதை மறுப்பது தீண்டாமை, அதற்காகப் போராடுவேன். ஆனால் உள்ளே போய் என்ன செய்யப்போகிறேன்? ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டுக் கதையையும் பார்க்க வேண்டும். 1938இல் சென்னை சட்டசபையில் எம்.சி. ராஜா கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவுக்கு ராஜாஜி கைகொடுக்கவில்லை, அது தோற்றது. 1939 ஜூலை 8இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத அய்யரோடு கக்கனும் மற்றவர்களும் போனார்கள். அதையொட்டிச் சட்டம் வந்தது. 1947இல் மாகாணம் முழுக்கச் சட்டம் வந்தது. நம் பாடப்புத்தகத்தில் வைத்தியநாத அய்யருக்கு ஒரு பத்தி உண்டு. கூடப்போனவர்கள் உள்ளே போனதும் எதைப் பார்த்தார்கள், என்ன தோன்றியது என்று யாரும் எழுதி வைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. எனக்கு இப்போது அதுதான் தெரிய வேண்டியிருக்கிறது.

சட்டம் வந்து எழுபத்தைந்து வருஷம் கழித்து, 2023 ஜனவரி 30இல் திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் மாவட்ட ஆட்சியரும் போலீசும் நின்று நம் சனங்களை முத்துமாரியம்மன் கோயிலுக்குள் அழைத்துப் போக வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜூனில் விழுப்புரம் பக்கம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். நம் ஆட்கள் உள்ளே போனதற்காக அடிவாங்கியதில் தொடங்கிய விவகாரம் அது. நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரலில்தான் போலீஸ் காவலோடு நம்மவர்கள் அங்கே சாமி கும்பிட்டார்கள். மேல்பாதி செய்தி டிவியில் வந்தபோது அம்மா கேட்டாள்: "பூட்டு போட்டாங்களே, அம்மனை உள்ள வெச்சா போட்டாங்க?" எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. ஒருத்தி மாட்டிக்கொண்டாளே என்ற கவலை அவளுக்கு.

லஸ்ஸில் இறங்கி நடந்தோம். வெயில். மாடவீதிகளை நோக்கி ஊரே போய்க்கொண்டிருந்தது. வழிநெடுகப் பந்தல் போட்டு நீர்மோர், பானகம், தயிர்சாதம், சுண்டல் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அம்மா ஒவ்வொரு பந்தலிலும் வாங்கிக் குடித்தாள். ஒரு பந்தலில் மோர் ஊற்றிய ஆள், அம்மாவின் கையில் டம்ளரைக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை நின்று, திருப்பி வாங்கிக்கொண்டான். ஊரில் எங்கள் கையில் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். அம்மா அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பந்தலுக்கு இரண்டாம்முறை போனாள். பட்டணத்தில் முகம் பார்த்துச் சாதி தெரியாது என்பதால் கிடைக்கிற மரியாதை இது. தெரிந்தால் என்ன ஆகும் என்று அங்கே நின்று சோதித்துப் பார்க்க எனக்கும் மனசில்லை.

கபாலீசுவரரும் கற்பகாம்பாளும் முன்னே போக, நாயன்மார்கள் வெண்கலச் சிலைகளாகப் பல்லக்குகளில் வந்தார்கள். ஒவ்வொரு பல்லக்கிலும் சிலபேர். சம்பந்தரை மட்டும் தெரிந்தது, சின்னப்பிள்ளை. அம்மா என் தோளைப் பிடித்து எக்கிப் பார்த்தாள். "இதுல நம்மாளு எது?"

எம்.ஏ. தமிழ் படித்தவளுக்குத் தெரியவில்லை. பூமாலைக்குள் புதைந்து, கும்பிட்ட கையோடு எல்லாரும் ஒரே சாயலில் இருந்தார்கள். அதோ அது என்று ஏதோ ஒரு பல்லக்கைக் காட்டினேன். அது நந்தனாராகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அம்மா இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள். பிறகு தாழ்ந்த குரலில், "உங்கப்பாரு வந்திருக்கணும்" என்றாள். அவ்வளவுதான். என்னைக் குத்திக்காட்டவில்லை.

தூக்கிக்கொண்டு போகிறவர்களின் தோளில் நந்தனார் போகிறார். எரித்த பிறகு தூக்குகிறார்கள் என்று எழுதினால் நம் இதழ்களில் கைதட்டு கிடைக்கும், நானே எழுதியிருக்கிறேன். அது பொய்யுமில்லை. ஆனால் சிதம்பரத்திலேயே வேறொருவர் இந்தப் பெயரை வேறுவிதமாகப் பயன்படுத்தினார். சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் கல்விக்கழகம் தொடங்கி, பள்ளிக்கூடம் கட்டி, நம் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். தீயில் போன ஆளின் பெயரை வாசலில் எழுதிவைத்து, இந்த வாசலுக்குள் குளிக்காமலும் வரலாம் எரியாமலும் வரலாம் என்றது போல. அவரை நாம் போதுமான அளவு பேசவில்லை. காவி கட்டியவர் என்பதால் நமக்கு ஒரு கூச்சம்.

2021 ஆகஸ்ட் 14இல், இந்தக் கபாலீசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில்தான் அனைத்துச் சாதியினருக்குமான அர்ச்சகர் நியமன ஆணைகளை முதலமைச்சர் கொடுத்தார். பயிற்சிப் பள்ளியில் படித்த 24 பேர். அதில் தலித்துகள் 5 பேர். நந்தனாருக்கு உள்ளே போக ஒரு நெருப்பு தேவைப்பட்டது. இவர்களுக்கு 1970இல் தொடங்கி அரை நூற்றாண்டு வழக்கு தேவைப்பட்டது, இன்னும் முடியவுமில்லை. அந்த ஐந்து பேரில் ஒருவர் என் பழைய மாணவராக இருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? போகாதே என்றா? தெரியவில்லை. வேலைக்குப் போகிற நாளில் கூடப்போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன் என்று தோன்றுகிறது.

கூட்டம் கரைந்ததும் அம்மா முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குப் போக வேண்டுமென்றாள். கருவறைக்கு மேல் தென்னங்கீற்றுக் கூரை. அம்மா கீற்றைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ இன்னும் கூரையிலதான் இருக்கா" என்றாள் அண்ணியிடம். அங்கே அவள் கும்பிட்ட விதமே வேறு. கபாலி கோயில் வீதியில் விருந்தாளி மாதிரி நின்றவள், இங்கே பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போல உரக்கப் பேசினாள். அண்ணன் கடன், அண்ணன் மகள் படிப்பு, தன் முட்டிவலி. என் கல்யாணப் பேச்சும் வந்தது. நான் தள்ளி நின்றுகொண்டேன். கும்பிடவில்லை. கும்பிடு என்று அவளும் சொல்லவில்லை.

இருட்டிய பிறகு மாடவீதி வழியாகத் திரும்பினோம். தெரு முழுக்கப் பாக்குமட்டைத் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர், மிதிபட்ட தயிர்சாதம். துப்புரவுத் தொழிலாளர்கள் வரிசையாகப் பெருக்கிக்கொண்டு வந்தார்கள். அம்மா ஒருத்தியிடம் நின்றுவிட்டாள்.

"எந்த ஊரும்மா?"

"செஞ்சி பக்கம்."

"அட, நாங்க திண்டிவனம். சாமி பாத்தியா?"

"எங்கம்மா? எல்லாம் போனப்புறம்தான் எங்களுக்கு வேலை. ஏழு வருசமா வரேன், குப்பையத்தான் பாத்திருக்கேன்."

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, முண்டகக்கண்ணியம்மன் குங்குமத்தை நீட்டினாள். அந்தப் பெண் கையுறையைக் கழற்றி, கையைப் புடவையில் துடைத்து வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிறகு மேஸ்திரி பார்க்கிறான் என்று துடைப்பத்தை எடுத்தாள்.

பஸ்ஸில் அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. தி.நகர் தாண்டியபோது கேட்டாள்: "சிதம்பரத்துக்கு இங்கேருந்து வண்டி உண்டா?"

"கிளாம்பாக்கம் போகணும்மா. அங்கேருந்து இருக்கு."

"அது எங்க இருக்கு?"

"தூரம். விடியக்காலம் கிளம்பணும்."

"ஞாயித்துக்கிழமை கிளம்பலாம்" என்றாள். அந்த ஞாயிறு எனக்கு ஒரு கூட்டம் இருந்தது. கைப்பேசியை எடுத்து, வர முடியாது என்று தோழருக்குச் செய்தி அனுப்பினேன்.