பிரகலாதன் கேட்ட வரம்

சிங்கப்பெருமாள் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மர் குன்றிலேயே குடையப்பட்டிருப்பதால், மூர்த்தியை வலம் வர விரும்புவோர் குன்றையே சுற்றவேண்டும்; அப்படிச் சுற்றுகையில், பெற்ற மகன் பிரகலாதனைக் கொல்லத் துணிந்த பிதா இரணியனைச் சம்ஹரித்தவர் இவரென்று நினைப்பவனுக்கு, மனைவியை அடித்தவன் தன் குழந்தையைக் காணலாமா என்ற கேள்வி எழாமலிராது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, அத்தகையவன் குழந்தையைப் பார்க்க ஏற்பாடு செய்ய மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரமளிக்கிறது, குழந்தையின் நலனுக்குத் தீங்கெனக் கண்டால் மறுக்கவேண்டுமென்றும் விதிக்கிறது; இரண்டுக்கும் நடுவே நிற்பது பிறர் மேற்பார்வையில் நிகழும் சந்திப்பு. இரத்த பந்தம் அறுபடலாகாது என்போர், தந்தையின் பாவம் நீங்கப் பிரகலாதன் வரம் கேட்டதைச் சுட்டுவர். கேட்டான், மெய்தான்; ஆனால் இரணியன் மாண்டு, தான் அபயம் பெற்ற பிறகல்லவா கேட்டான்? அதற்கு முன்னே அவனிடம் க்ஷமையை எதிர்பார்க்கப் பகவானே துணியவில்லை.